டிரையரின் கீழ்க்கதவு

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். அது காய்வதற்குள் சர்வீஸ் பால்கனிக்குப் போய், துணி காயவைக்கும் டிரையரின் கதவைத் திறந்து, மகளின் பள்ளிச் சட்டையை எடுத்து மோந்து பார்த்தான். மற்றவர்கள் காலையில் செய்தித்தாளைப் பிரிப்பதுபோல அவனுக்கு இது வழக்கமாகிவிட்டது. மோந்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். சட்டையில் பாதி ஈரம் அப்படியே இருந்தது. பெட்டி பட்ட இடத்திலிருந்து ஆவி எழுந்தது, ஆவியோடு நாற்றமும் எழுந்தது. பால் பொங்கி வழிந்தது. துணியை எடுத்துத் துடைத்தான். அந்தத் துணியும் நாறியது.

இதை என்ன நாற்றம் என்று சொல்வது? மழையில் நனைந்த நாய். நான்கு நாள் திறக்காத சாப்பாட்டு டப்பா. யாரோ வாயில் வைத்துச் சப்பிய துண்டு. இந்த மூன்றின் மேலும் ஒரு நீல வாசனை வேறு. துணியை மிருதுவாக்குமாம் அந்த நீலத் திரவம். பாட்டிலில் ‘மலைக்காற்று’ என்று போட்டிருந்தது. எந்த மலையில் அப்படிக் காற்றடிக்கிறதோ, அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. முதலில் ஒரு மூடி ஊற்றினான். நாற்றம் போகவில்லை என்று இரண்டு மூடி ஆனது. இப்போது மூன்று.

வெளியே காயப்போட வழியில்லை. அந்தக் குடியிருப்பில் பால்கனியில் துணி தொங்கினால் மாடி மாடியாக நோட்டீஸ் வரும். வருஷத்தில் பாதி நாள் மழை வேறு.

கல்யாணமான முதல் மாதமே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். துவைக்கும் இயந்திரம் அவனுக்கு, டிரையர் அவளுக்கு. சொத்துப் பிரித்ததுபோல அதில் யாரும் யார் எல்லைக்குள்ளும் போனதில்லை. எட்டு மாதத்துக்கு முன் அவள் இறந்தாள். அதன்பிறகு டிரையரும் அவன் தலையில் விழுந்தது. தலையில் விழுந்ததைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டான். கதவருகே ஒரு வலை இருக்கிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் சாம்பல் நிறப் போர்வைபோலப் படியும். ஒவ்வொரு முறையும் அதை உரித்துப் போட்டு, வலையைக் குழாயில் காட்டிக் கழுவிக் காயவைப்பான். எட்டு மாதத்தில் ஒரு முறைகூடத் தவறவில்லை. அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று சொல்லலாம்.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் சுண்டு. சட்டையை மாட்டிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பா, இந்தச் சட்டை வேண்டாம்.”

“ஏன்?”

“நாறுது.”

“வாசனையா இருக்கு பாரு.”

“வாசனையா நாறுது,” என்றாள் சுண்டு.

அவன் பொத்தானைப் போட்டுவிட்டான்.

பள்ளி வாசலில் வகுப்பு டீச்சர் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். பேசும்போது இரண்டடி தள்ளியே நின்றாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா சுண்டு பக்கத்துல உக்காரச் சொன்னா பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதுங்க. நேத்து ஒருத்தன் அவளுக்குப் பட்டப்பேரு வெச்சுட்டான்.”

“என்ன பேரு?”

டீச்சர் பேச்சை மாற்றினாள். “உங்களுக்கு ரெண்டு தடவை ஃபோன் பண்ணேன். எடுக்கலை. அதான் ஃபாரத்துல இருந்த அடுத்த நம்பருக்குச் சொன்னேன்.”

அடுத்த நம்பர் மனைவியின் அக்கா. அவள் கூப்பிட்ட வழக்கத்தில் அவனுக்கும் அக்காதான்.

அன்று அலுவலகத்தில் ஒரு விஷயம் உறைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு மாதமாக ஜன்னலோரம் தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கிறார், நல்ல மனுஷன், என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கழிப்பறைக்குப் போய்த் தன் சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தான். நல்ல மனுஷன்தான். வேறு யாராவது என்றால் வாய்விட்டே சொல்லியிருப்பார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா ஃபோனில் பேசினாள்.

“சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன் தம்பி. சுண்டுவோட துணிமணி, புஸ்தகம் எல்லாம் ஒரு பையில எடுத்து வைங்க. எங்க வீட்ல இருக்கட்டும்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்கா கேக்குறீங்க? நான் விருந்துக்கா கூட்டிட்டுப் போறேன்? எங்க தெருவுலயே ஸ்கூல் இருக்கு. பேசிட்டேன்.”

“அக்கா, நான் பாத்துக்கறேனே.”

“பாத்துக்கிட்ட லட்சணத்தை டீச்சர் சொல்லிட்டாங்க. தம்பி, உங்களை நோகடிக்கணும்னு சொல்லலை. அவ கடைசியா என்ன சொன்னா? நீங்கதானே எங்கிட்ட வந்து சொன்னீங்க? ‘பிள்ளைய அக்கா பாத்துக்குவா’ன்னு. அவ வார்த்தையை நான் காப்பாத்த வேண்டாமா?”

அவன் ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்தான். அவள் வைத்துவிட்டாள்.

அவன் மனைவி அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா என்ன சொன்னா? என்னதான் சொன்னா?” என்று உலுக்கினாள். அவன் வாயில் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சொன்ன மாத்திரத்தில் அக்கா அவன் தோளில் சாய்ந்து அழுதாள். சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்க அந்த வாக்கியம் சுற்றி வந்துவிட்டது. அவனிடமே வந்து பலர் அதைச் சொல்லித் தேம்பினார்கள். எச்சில் பட்ட சோற்றைத் திரும்ப ஊட்டுவதுபோல் இருந்தது. விழுங்கினான்.

இப்போது அந்த வாக்கியத்துக்குக் கைகால் முளைத்து, பையை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறது.

சனிக்கிழமை பத்து மணிக்குள் துணி நாறாமல் இருந்தால் பேச ஒரு வாய் இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டான். சனிக்கிழமை காலை எட்டரைக்குத்தான் வர முடியும் என்றான்.

மெக்கானிக் எட்டரைக்கே வந்துவிட்டான். ஒடிசலான ஆள், முழங்காலில் ரப்பர் பட்டை, தோளில் பை. செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கினான்.

“எந்த ரூம்னு காட்ட வேண்டாம் சார். மூக்கே கூட்டிட்டுப் போகும்.”

டிரையர் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவைத் திறந்து, வலையை உருவி வெளிச்சத்தில் பிடித்தான்.

“இதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவுவீங்க?”

“ஒவ்வொரு தடவையும்.”

“அடேங்கப்பா. இந்தத் தொழில்ல பன்னெண்டு வருஷமா இருக்கேன், ஒவ்வொரு தடவையும் கழுவுற ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்.” இவன் முகத்தில் சின்னப் பெருமை வருவதற்குள், “கீழ?” என்றான்.

“கீழ என்ன?”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். வேடிக்கைப் பேச்சு அவன் முகத்திலிருந்து இறங்கியது. இயந்திரத்தின் அடியில், தரையை ஒட்டி, வெள்ளையாக ஒரு பலகை இருந்தது. அதை அழகுக்கு வைத்த மூடி என்றே இவன் நினைத்திருந்தான். மெக்கானிக் அதன் ஓரத்தில் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். பலகை வாய் பிளந்தது.

நாற்றம் ஆளை அறைந்தது. எட்டு மாதமாகத் துணி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது இப்போது மொத்தமாக வந்தது. அவன் ஜன்னல் பக்கம் ஓடினான். மெக்கானிக் அசையவில்லை.

“எட்டு மாசமா இதைத் திறக்கவே இல்லையா?”

“இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.”

“மேல வலை இருக்குல்ல, அது வடிகட்டாம விடுறதெல்லாம் இங்கதான் வந்து சேரும். மாசத்துக்கு ஒரு தடவை திறந்து கழுவணும் சார். இதுக்கு முன்னாடி யார் பாத்துக்கிட்டிருந்தாங்க?”

“வீட்ல.”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. கேட்டிருக்கலாம்ல?”

பால்கனி வாசலில் பொம்மையை இடுக்கிக்கொண்டு நின்ற சுண்டுதான் சொன்னாள். “கேக்க முடியாது அங்கிள். அம்மா செத்துப்போயிட்டாங்க.”

மெக்கானிக் ஸ்பானரைக் கையில் இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பேப்பர் இருந்தா கொண்டாங்க சார், கீழ விரிக்கணும்,” என்றான்.

விரித்தார்கள். மெக்கானிக் இரண்டு கொக்கிகளைத் தள்ளி உள்ளிருந்த கடற்பஞ்சுச் சட்டத்தை உருவப் பார்த்தான். வரவில்லை. ஒட்டிப்போயிருந்தது.

“நீங்களே கையை விடுங்க.”

“நானா?”

“நான் மாசா மாசம் வருவேனா? நீங்கதான் பழகிக்கணும்.”

“கிளவுஸ் இருக்கா?”

“உங்க வீட்டு அழுக்குதானே சார்.”

கையை விட்டான். முதலில் குளிர்ந்தது. பிறகு வழுக்கியது. உயிரில்லாத எதன் வயிற்றுக்குள்ளோ கை போவதுபோல இருந்தது. இழுத்தான். சட்டம் ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. சுண்டு அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். பேப்பரில் விழுந்ததை அவன் பார்த்தான். முதலில் கறுப்பு, அதன்மேல் சாம்பல், சாம்பலின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். பஞ்சு என்று சொல்ல முடியாது. பஞ்சு ஈரத்தில் ஊறி, ஊறியது அழுகி, அழுகியது கெட்டிப்பட்டு, ஏதோ ஒரு பிராணியின் தோல்போல ஆகியிருந்தது. அதில் ஒரு சட்டைப் பொத்தான். கரப்பானின் ஒற்றைச் சிறகு. சுண்டுவின் முழங்காலில் எப்போதோ ஒட்டிய பிளாஸ்திரி, மருந்துப் பக்கம் மேலே தெரிய. பஸ் டிக்கெட்டோ என்னவோ, கூழாகி உலர்ந்தது. சின்னதாக ஒரு காலுறை, கையில் எடுத்தால் ஒழுகியது.

“இதுல ஒரு மெத்தையே தைக்கலாம் சார்,” என்றான் மெக்கானிக்.

தன் உடம்பில் இத்தனை நாளாகப் போட்டுக்கொண்டு திரிந்தது இதைத்தான். சுண்டு தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்கியது இதில்தான். முகம் துடைத்தது, தட்டைத் துடைத்தது, பாலைத் துடைத்தது எல்லாம் இதுதான்.

“இன்னும் இருக்கு. உள்ள இழுங்க.”

உலோகத் தகடுகள் வரிசையாக நின்ற இடத்தில் விரல்கள் எதிலோ சிக்கின. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. கயிறுபோலத் திரிந்த முடி. நீளமானது. சுண்டுவின் முடி தோள்வரைகூட இல்லை.

மெக்கானிக் அதைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பிறகு இல்லாத ஒரு திருகாணியைத் தேடிப் பைக்குள் கையை விட்டுக் குடைந்தான்.

அவன் அந்த முடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இந்த மாதிரி நேரத்தில் மனுஷனுக்கு அழுகை வரும். வரட்டும் என்றுதான் இருந்தான். முடியில் சளிபோல ஏதோ கோத்திருந்து விரலிடுக்கில் இறங்கியது. அழுகை வரவில்லை. வாய்க்குள் புளித்த தண்ணீர் ஊறியது. எழுந்து போய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, திரும்பி வந்து முடியைக் குப்பைப் பையில் போட்டான்.

பிறகு மெக்கானிக் டிரம்முக்குள் தலையை விட்டு, உட்புறத்தில் பதித்திருந்த இரண்டு உலோகப் பட்டைகளை நகத்தால் சுரண்டினான். நகத்தில் நீல மெழுகு வந்தது.

“என்ன சார் இது? வாசனை லிக்விடா?”

“ஆமா.”

“எவ்வளவு ஊத்துவீங்க?”

“மூணு மூடி.”

“மூணு மூடியா! இந்தப் பட்டைதான் சார் மிஷினோட நாக்கு. துணி காஞ்சுதா, ஈரமா இருக்கான்னு இது தொட்டுத்தான் தெரிஞ்சுக்கும். நீங்க அது மேல மெழுகு பூசி வெச்சிருக்கீங்க. அது எல்லாம் காஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு பாதியில நின்னுடுது. ஈரத்துணியை மடிச்சு வெக்கிறீங்க, நாறுது. நாறுதுன்னு இன்னொரு மூடி ஊத்துறீங்க. நாத்தத்துக்கு நீங்களே தீனி போட்டு வளத்திருக்கீங்க.”

“மறைக்கலாம்னு பாத்தேன்.”

“நல்லா மறைச்சீங்க. தெருமுனையில நிக்கும்போதே எனக்கு அடிச்சுது.”

வினிகரைத் துணியில் நனைத்துப் பட்டைகளை எப்படித் துடைப்பது என்று காட்டினான். தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் தேய்க்கச் சொன்னான், குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடுமாம். தண்ணீர் சேரும் தொட்டியைத் தினமும் கொட்டுகிறேன் என்று அவன் சொன்னதற்கு, “கொட்டுனா போதுமா? உள்ள விரலை விட்டுப் பாருங்க,” என்றான். விட்டான். பாசி. அதையும் கழுவினார்கள்.

அழைப்பு மணி அடித்தது. ஒன்பதே முக்கால். அக்கா கால்மணி முன்னதாகவே வந்துவிட்டாள்.

சுண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். “பெரியம்மா, பெரியம்மா! எங்க டிரையர் கக்கா போயிருக்கு, வந்து பாருங்க!”

அக்கா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனி வாசலில் நின்றாள். பேப்பரில் கிடந்ததைப் பார்த்தாள். முழங்கைவரை கறுப்பாக நின்ற அவனைப் பார்த்தாள்.

“என்ன தம்பி கருமம் இது?”

“டிரையர்ல இருந்தது அக்கா. சரி பண்ணியாச்சு.”

“இதுலயா பிள்ளைக்குத் துணி காயவெச்சீங்க?”

மெக்கானிக் பேப்பரைச் சுருட்டிக் கட்டிக் குப்பைப் பையில் திணித்தான். “ரெண்டு தடவை சும்மா ஓட விடுங்க சார். அப்புறம் துணி போடுங்க. அந்த மலைக்காத்து பாட்டிலை மட்டும் கண்ணுல காட்டாதீங்க,” என்றான். வாசலில் சுண்டுவிடம் குனிந்து, “அப்பா மாசம் ஒரு தடவை திறக்கலைன்னா எனக்கு ஃபோன் போடு, என்ன?” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்குள் மூன்று பேர். சுண்டுவை உள்ளே போய்ப் படம் வரையச் சொன்னாள் அக்கா. கூடத்தில் பை தயாராக இருந்தது. சொன்னபடி அவன் எடுத்துவைத்திருந்தான். அக்கா அதைக் கையால் தூக்கிப் பார்த்தாள்.

“மோந்து பாத்துட்டுத்தான் எடுத்து வெச்சீங்களா?”

“மிஷின் சரியாயிடுச்சு அக்கா. இனிமே நாறாது. எல்லாத்தையும் திரும்பத் துவைச்சிடறேன். அவளை விட்டுட்டுப் போங்க.”

“மிஷின் மட்டுமா தம்பி? அவ நகத்தைப் பாத்தீங்களா? தலையைப் பாத்தீங்களா? காலையில ரொட்டி, ராத்திரி ரொட்டி. கேட்டா ‘அப்பா ரொட்டி நல்லா சுடுவாரு’ங்குது. நீங்க இருக்குற நிலைமைக்கு உங்களையே ஒருத்தர் பாத்துக்கணும்.”

“பழகிக்கறேன்.”

“எட்டு மாசமா பழகினீங்க. இதோ பாத்தேனே.” அவள் சோபா நுனியில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. “எனக்கு ஆசையா தம்பி? எனக்கு ரெண்டு இருக்கு. வீட்ல மூச்சுவிட இடமில்லை. ஆனா கண்ணை மூடும்போது என் தங்கச்சி என் பேரைச் சொன்னா. அம்மா இல்லை, அப்பா இல்லை, நீங்ககூட இல்லை. நான். அதை நெனச்சுத்தான் இத்தனை நாளா நடமாடிட்டிருக்கேன். மூத்தவளோட கட்டிலை நகத்தி இவளுக்கு இடம் பண்ணியிருக்கேன். அவ சொன்னதை நீங்களே தடுக்குறீங்களே?”

அவன் கையிலிருந்த அழுக்கு உலர்ந்து இழுத்தது. இந்தக் கையோடு சோபாவில் உட்கார முடியாது. நின்றுகொண்டே சொன்னான்.

“அவ அப்படிச் சொல்லலை அக்கா.”

“என்ன?”

“உங்க பேரைச் சொல்லலை. நானாச் சொன்னது அது.”

அக்கா கைக்குட்டையை மடியில் வைத்தாள்.

“நான் அங்க இல்லை. போகும்போது நான் அங்க இல்லவே இல்லை. நாலு நாளா அதே சட்டையோட அவ பக்கத்துல உக்காந்திருந்தேன். அன்னிக்குக் காலையில குளிக்கலாம்னு வீட்டுக்கு வந்தேன். குளிச்சேன். போட்டுக்க ஒரு சட்டை இல்லை. எல்லாம் அழுக்கு. ஒண்ணைத் துவைச்சு, முதல் தடவையா நானே டிரையர்ல போட்டேன். அதோ, அந்த வாளியைக் கவுத்துப் போட்டு அது முன்னாடி உக்காந்திருந்தேன். முப்பத்தெட்டு நிமிஷம்னு காட்டுச்சு.”

“தம்பி…”

“பதினொரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஃபோன் வந்துச்சு. நர்ஸ். சொல்லிட்டு வெச்சுட்டாங்க.” அவன் நிறுத்தினான். நிறுத்தியதும் மிச்சத்தைச் சொல்லாமல் விட முடியாது என்று தெரிந்தது. “அப்பவும் நான் எழுந்திரிக்கலை. அந்தப் பதினொரு நிமிஷமும் உக்காந்திருந்தேன். முடிஞ்சு மணி அடிச்சுது. சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டேன். சூடா இருந்துச்சு. அப்புறம்தான் வந்தேன். நீங்க வராந்தாவுல பிடிச்சு உலுக்கினது அந்தச் சட்டையைத்தான்.”

அக்கா அவனைப் பார்த்தாள். பால்கனியில் கிடந்த அழுக்கைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

“எட்டு மாசமா ஊர் பூரா அதைச் சொல்லிட்டுத் திரியறேன்.”

“தெரியும்.”

“போன வாரம்கூட ஒருத்திகிட்ட சொல்லி அழுதேன்.”

“தெரியும் அக்கா.”

“என்னத்தைத் தெரியும்? ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஏதாவது ஒண்ணு குடுக்கணும்னு தோணுச்சு.”

“குடுத்தீங்க. நல்லாவே குடுத்தீங்க.” அவள் எழுந்தாள். “நீங்க மனுஷனா தம்பி? பக்கத்துல நிக்கவே அருவருப்பா இருக்கு.”

“எனக்கும்தான்.”

உள்ளறையில் சுண்டு, தான் வரைவதற்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். இது பெரியம்மா, இது பெரியம்மாவோட மூக்கு, இது கைக்குட்டை. இருவரும் அதைக் கேட்டார்கள். அக்கா பையை எடுத்தாள். இதோ போகப்போகிறாள், சுண்டுவைக் கூப்பிடப்போகிறாள் என்று அவன் வாசல் பக்கம் ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் வாசலுக்குப் போகவில்லை. பால்கனிக்குப் போனாள். பையின் ஜிப்பை இழுத்து, சுண்டுவின் சட்டைகளைக் கைகொள்ளாமல் அள்ளித் துவைக்கும் இயந்திரத்தில் போட்டாள். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது “சீ”, “தூ” என்றாள். பவுடரை அளக்காமல் கொட்டினாள். கதவை ஓங்கி அடித்து மூடினாள்.

“விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க. இந்த வாரம் இருக்கட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன். ஒவ்வொரு துணியா எடுத்து மோந்து பாப்பேன். இதோ இந்தக் கதவையும் திறந்து பாப்பேன். ஒரு நூல் இருந்துச்சுன்னா அப்பவே தூக்கிட்டுப் போயிடுவேன். அதுக்குக் கடைசி வார்த்தைன்னு யாரும் எனக்கு எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.”

“சரி அக்கா.”

“நகத்தை வெட்டிவிடுங்க இன்னிக்கே.”

“சரி.”

“முதல்ல உங்க கையைக் கழுவுங்க, கண்றாவி.”

கழுவினான். இரண்டாம் முறை சோப்பு போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அக்கா அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“எங்கிட்ட எதுவும் விட்டுட்டுப் போகலை அவ,” என்றாள். அவனிடம் சொன்னதுபோல் இல்லை. இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. அவள் தோள்கள் அதோடு லேசாக ஆடின. திரும்பாமலே கேட்டாள்.

“அப்ப, நிஜமா, என்னதான் சொன்னா?”

அவன் குழாயை மூடினான்.

“அன்னிக்குக் காலையில நான் குனிஞ்சு தலையணையைச் சரி பண்ணப் போனேன். மூக்கைப் பொத்திக்கிட்டா. ‘ஐயே, நாறுற. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா. சோப்பு போட்டு.’”